மலேசியா, கெடாவின் பாடாங் செராயில் வாடகைக்கு விட வீடு வாங்கலாமா? கேள்வி – பதில்

கேள்வி: பாடாங் செராயில் 250,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு டெரஸ் வீடு பார்த்திருக்கிறேன், ஐயா. மாதம் 800 வாடகை வரும் என்கிறார் ஏஜெண்ட். வாங்கலாமா? (தொழிற்சாலை ஊழியர், லூனாஸ்)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 90 சதவீதக் கடன் என்றால் 225,000 வெள்ளி. வட்டி 4 சதவீதம், தவணை 35 வருடம் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 996 வெள்ளி கட்ட வேண்டும். வாடகை ஒழுங்காக வந்தாலும் மாதாமாதம் 200 வெள்ளி உங்கள் பையிலிருந்து போகும். நிலவரி, மதிப்பீட்டு வரி, கூரை ஒழுகல் எல்லாம் தனி. முன்பணம் 25,000 போக, பெயர் மாற்ற முத்திரை வரி 4,000, கடன் பத்திரத்துக்கு 1,125, அப்புறம் வக்கீல் கட்டணம். இந்த விலைக்கு வேண்டாம் என்பேன்.

ஏஜெண்ட் சொல்லும் வாடகையை விடுங்கள். அதே தாமானில் (குடியிருப்பில்) வாடகைக்கு இருப்பவரிடம் எவ்வளவு கொடுக்கிறார் என்று கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். நம் பக்கம் வாடகைக்கு வருபவர்களில் பலர் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையை நம்பி வருகிறவர்கள். அது 1996-இல் திறந்தது, இன்னும் ஆள் எடுக்கிறது. ஆனால் நைட் ஷிப்ட் முடிந்தவர் மோட்டாரில் அலுப்பில்லாமல் வந்து சேரும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும். செம்பனையை வெட்டித் தாமான் போட்டதாலேயே குடியிருக்க ஆள் வந்துவிடாது.

கேள்வி: பழைய தோட்டத்து நிலம் 3 ஏக்கர் விலைக்கு வருகிறது. 12 பேர் சேர்ந்து வாங்கி ஆளுக்குக் கால் ஏக்கர் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். துன் சம்பந்தன் காலத்தில் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கவில்லையா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, பாடாங் செராய்)

அம்மா, இரண்டும் ஒன்றல்ல. அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களைத் துண்டு போடாமல் காப்பாற்றத்தான் வந்தது. நிலம் சங்கத்தின் பெயரில், உறுப்பினருக்குப் பங்கு.

உங்கள் நண்பர் சொல்வது துண்டு போடும் வேலை, அதற்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது. விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே, தனிக் கிராண்டாக (நிலப்பட்டாவாக) பிரிக்க தேசிய நிலச் சட்டம் விடாது. 12 பெயரும் ஒரே கிராண்டில் பிரிக்காத பங்காக ஏறும், அவ்வளவுதான். வேலி போட்டு ‘இது என் மூலை’ என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம், கிராண்ட் சொல்லாது. முழு நிலத்தையும் விற்க எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். ஒருவர் இறந்தால் அவர் பிள்ளைகள் சொத்துரிமை ஆணை வாங்கும்வரை மற்ற 11 பேரும் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட பங்குக்கு பேங்க் கடன் கிடைப்பதும் கஷ்டம். வீட்டு மனையாக்க வேண்டுமென்றால் முதலில் நிலத்தின் வகையை மாற்ற மனு போட்டு, பிரீமியம் கட்ட வேண்டும். “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று ஒருவர் சொன்னால், ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: லெலோங்கில் (ஏலத்தில்) வீடு மலிவாகப் போகிறதே? (கடை வைத்திருப்பவர், கூலிம்)

போகிறது. ஆனால் உயர் நீதிமன்ற ஏலத்தில் தொடக்க விலையில் 10 சதவீதத்தை முதலிலேயே பேங்க் டிராஃப்டாகக் கட்டி, மீதியை 120 நாளுக்குள் கட்ட வேண்டும். கடன் கிடைக்காமல் தவறினால் முன்பணம் போய்விடும். அதனால் கடனுக்குத் தகுதி உண்டா என்று முன்கூட்டியே பேங்கில் கேட்டுவிடுங்கள். நில அலுவலகத்தில் கிராண்டைத் தேடிப் பாருங்கள். மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலமென்றால் நமக்கு அந்தப் பேச்சே இல்லை. இன்னொன்று, பழைய வீட்டுக்காரர் உள்ளேயே இருக்கலாம். அவர் மறுத்தால் கோர்ட் உத்தரவில்லாமல் வெளியேற்ற முடியாது. அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: வாங்கி இரண்டு வருடத்தில் விற்றால்? (அதே வாசகர்)

முதல் 3 வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் சொத்து ஆதாய வரி. நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15. ஆறாம் வருடத்திலிருந்து குடிமக்களுக்கு வரி இல்லை.

கேள்வி: சொந்த வீடு இருக்கிறது. வாடகைக்கு விட இரண்டாவது வாங்க ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா? (நர்ஸ், சுங்கை பட்டாணி)

முதல் வீட்டுக்கு ஈபிஎஃப் வீட்டுப் பணம் எடுத்திருந்தால், அதை விற்ற பிறகுதான் இரண்டாவதுக்கு எடுக்க விடுவார்கள்.