ஆன்லைன்ல பாடம் நடந்தப்போ மொழி ஆசிரியர்களுக்கு பசங்கள சரியா மதிப்பிடத் தெரிஞ்சுதா?

எனக்குத் தெரியல, அதான் உண்மை. கடலூர்ல தமிழ் ஐயாவா இருக்கேன், பதினாறு வருஷ சர்வீஸ். பி.எட்ல புளூபிரிண்ட் போட சொல்லிக்கொடுத்தாங்க, ஒரு மார்க் எத்தனை, குறுவினா எத்தனை, நெடுவினா எத்தனைன்னு. பையன் கண்ணு முன்னாடி இல்லாதப்போ என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல.

2020ல ஸ்கூல் மூடினதும் வாட்ஸ்அப் குரூப்தான் கிளாஸ். ஒன்பதாவது பசங்கள கடிதம் எழுதி போட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன். வந்துச்சு பாருங்க, எழுத்து ஒவ்வொண்ணும் முத்து முத்தா, இருபதுக்கு பதினெட்டு பத்தொன்பதுன்னு அள்ளிப் போட்டுட்டேன், அப்புறம் ஒருநாள் எல்லாத்தையும் வரிசையா பாத்தா ஏழு பேரு 'முயற்சி'ய 'முயர்ச்சி'ன்னு அதே ரெண்டாவது பத்தியில எழுதியிருக்கான். ஒருத்தன் போட்டோ மூலைல மருதாணி வச்ச விரல் வேற! அக்காவுக்குத்தான் நான் பத்தொன்பது போட்டிருக்கேன்.

அந்த கோவத்துலதான் 2021 ஜூன்ல கேள்விய மாத்தினேன். மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். அந்த நாள்ல உங்க தெருவுல என்ன நடக்கும், மூணு நிமிஷம் வாய்ஸ் நோட்ல சொல்லுங்கன்னேன். இதுக்கு கைடு கிடையாதுல்ல. தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருத்தன், எழுத்துத் தேர்வுல முப்பத்தஞ்சு தாண்டாதவன், அப்பா போன்ல ராத்திரி பத்து மணிக்கு அனுப்பினான். "ஐயா, வல எங்க கிழிஞ்சிருக்குன்னு கண்ணால பாத்தா தெரியாது, எங்கப்பா தடவிப் பாத்தே சொல்லும்"னு ஆரம்பிச்சவன் நாலரை நிமிஷம் நிறுத்தவே இல்ல.

இதுக்கு எவ்ளோ மார்க் போடுறது? சொந்தமா சொன்னது, கோர்வை, சொல்வளம், உச்சரிப்பு, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுன்னு நானா ஒரு கணக்கு வச்சேன். 'வாழ்க்கை'ய அவன் 'வாய்க்கை'ன்னு சொன்னதுக்கு மொதல்ல மூணு மார்க் கொறச்சேன், மறுபடி கேட்டப்போ வெக்கமா போச்சு, ஒண்ணோட விட்டுட்டேன். அதுவே அதிகம்னு எங்க ஸ்கூல் இங்கிலீஷ் சார் சொல்றாரு.

அந்த வருஷம் பிளஸ் டூ பரிட்சையே ரத்து. பத்தாவது மார்க்லேர்ந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்லேர்ந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுலேர்ந்து 30ன்னு கணக்கு போட்டாங்க. தமிழுக்கு செய்முறை ஏது, அகமதிப்பீடு பத்தே மார்க், அதையும் நம்மாளுங்க கண்ண மூடிட்டு பத்துக்கு பத்து போடுற கதை ஊருக்கே தெரியும். ஒருத்தன் தமிழ்ல பேசுறது எப்படின்னு பாக்க அந்த பத்துலயாவது ரெண்டு மார்க் ஒதுக்கியிருக்கலாம்.

ஸ்கூல் தொறந்தப்புறமும் மாசம் ஒரு தடவ வாய்ஸ் நோட் வாங்குறேன். 42 பேரு, ஆளுக்கு மூணு நிமிஷம்னாலே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுது, சாப்பிடுறப்பகூட காதுல இயர்போன் மாட்டியிருக்கேன்னு வீட்ல தெனம் பாட்டு.