நீச்சல் தெரியாத நண்பர்கள் குழு ரிஷிகேஷில் ராஃப்டிங் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ராஃப்டிங் என்றால் காற்றடைத்த ரப்பர் படகில் கங்கையின் வேகமான ஓட்டத்தில் துடுப்புப் போட்டுப் போவது. எங்கே படகு ஏறுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். முதல் தடவை என்றால் சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரையிலான சுமார் 16 கிலோமீட்டர் போதும். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் நல்ல அலைகள் அதிலேயே வந்துவிடும். கௌடியாலாவிலிருந்து கிளம்பும் நீண்ட பயணத்தில் 'தி வால்' என்ற கடினமான இடம் உண்டு. அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்தால் காதுவரை ஏறக்கூடாது. ஏறினால் பட்டையை இன்னும் இறுக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டுகிறது என்று யாரையும் தளர்த்த விடாதீர்கள்.

தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசைக்கு நீட்டி மிதக்க வேண்டும். தரை தட்டுகிறதே என்று எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் பெரிய ஆபத்து இதுதான். கயிறு வீசினால் மார்போடு அணைத்துப் பிடியுங்கள், கையில் சுற்றாதீர்கள்.

அப்புறம், முன்வரிசை இருவரின் தாளத்துக்கு மற்றவர்கள் துடுப்புப் போட வேண்டும். செல்ஃபி ஆசை உள்ளவரை அங்கே உட்கார வைக்காதீர்கள்!

பணம் கட்டும் முன், கூடவே மீட்புக் கயாக் (விழுந்தவர்களைக் காப்பாற்ற வரும் சிறிய படகு) வருமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் மழைவெள்ளம் காரணமாக ராஃப்டிங் கிடையாது.