எடிட்டிங் சந்தேகங்கள்: வெள்ளவத்தையிலிருந்து சில பதில்கள்

பதினாறு வருஷமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறைக்குள் இருந்து வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கலியாணம், குறும்படம், விளம்பரம், எது வந்தாலும் செய்வேன். போன கிழமை "எடிட்டிங் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாயை விட்டேன். வந்ததில் பாதி "எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முதல் பதிலைப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, புதுக் கெமராவின் 4கே பைல்கள் எச்.265. டைம்லைனில் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. மெஷினை மாற்றவா?

காசை வையுங்கள் தம்பி. எச்.264, எச்.265 எல்லாம் இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வடிவங்கள். வீடியோ என்பது பிரேம் என்ற ஒற்றைப் படங்களின் வரிசை. இந்த வடிவங்களில் எப்போதாவது ஒரு பிரேம்தான் முழுதாக இருக்கும். அடுத்து வருபவை, முன்னே பின்னே உள்ள பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும்தான். சின்னப் பிள்ளையிடம் "எட்டேழு எத்தனை?" என்று கேட்டால், ஓரெட்டு எட்டிலிருந்து வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு வந்துதானே பதில் சொல்லும்? நீங்கள் நடுவில் ஓரிடத்தைத் தட்டும்போது மெஷின் படுகிற பாடும் அதுதான்.

வழி புரொக்ஸி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் எடுக்கும் இலகுவான பிரதி. 1080 அளவில், செக்கனுக்கு 25 பிரேமில் புரொக்ஸி எடுங்கள். மாக்கில் புரோரெஸ் புரொக்ஸி, விண்டோசில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற வடிவம். புரோரெஸ் புரொக்ஸி செக்கனுக்கு 38 மெகாபிட், மணிக்கு ஏறத்தாழ 17 ஜிபி. மூன்று கெமராவில் நாலு மணி நேரக் கலியாணம் என்றால் 200 ஜிபி சொச்சம். டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதைச் செய்யும். இரவு போட்டுவிட்டுப் படுங்கள், காலையில் பழைய மெஷினே ஓடும். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது மூலப் பைலுக்கு மாறியிருக்கிறதா என்று மட்டும் ஒருக்கா பாருங்கள்.

அதே தம்பி: அப்போ ரிசோல்வுக்குக் காசு கட்டவே தேவையில்லையா?

படத்தில் வரும் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி இலவசப் பதிப்பில் இல்லை. ஏற்றுமதியும் அல்ட்ரா எச்டியோடு, அதாவது 4கே அளவோடு நின்றுவிடும். மங்கிய வெளிச்சத்து வரவேற்பு வீடியோக்கள் நிறையச் செய்தால் 295 டொலர் பதிப்பு பிரயோசனம். ஒருமுறை கட்டினால் காணும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

தெஹிவளை, ஒரு ஆசிரியை: ஒரு மணி நேரச் சொற்பொழிவைப் போனில் எடுத்தேன். குரலை வேறு ரெக்கோர்டரில் பதிந்தேன். தொடக்கத்தில் பொருந்துகிறது, முடிவில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

டீச்சர், இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்காமல் கை வைக்காதீர்கள். ரெக்கோர்டர் ஒலியை மூடிவிட்டு, போனின் சொந்த ஒலியைப் போனின் படத்தோடு மட்டும் டைம்லைனில் ஓட்டிப் பாருங்கள்.

அதுவே விலகினால், போன் சீரில்லாத பிரேம் வேகத்தில் பதிந்திருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் ஒரு வேகம், கூடினால் ஒரு வேகம் என்று அது தன்பாட்டுக்கு மாற்றும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத பிரேம் வேகம் என்ற தெரிவைப் போட்டு மாற்றி எடுத்த பிறகு வெட்டத் தொடங்குங்கள்.

போனின் ஒலி படத்தோடு சரியாக ஓடி, ரெக்கோர்டர் மட்டும் விலகினால் அது கடிகாரப் பிரச்சினை. இரண்டு கருவியின் உள் கடிகாரமும் மயிரிழை வித்தியாசத்தில் ஓடுகின்றன, ஒரு மணி நேரத்தில் அது தெரியும் அளவுக்குக் கூடிவிடும். பேச்சாளர் தண்ணீர் குடிக்கும் இடம், சபை கைதட்டும் இடம் பார்த்து ஒலியை வெட்டித் திரும்பப் பொருத்துங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு வெட்டு காணும், ஒருவருக்கும் விளங்காது.

வத்தளை: தமிழ்த் தலைப்பு போட்டால் எழுத்து சிதறுகிறது. "பாமினியில் போடு, சிதறாது" என்று நண்பன் சொல்கிறான்.

நண்பன் சொல்வது பொய்யில்லை, ஆனால் நாளைக்கு அழ வைக்கும். பாமினியில் கணினிக்குள் இருப்பது தமிழே இல்லை. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் உளறல். எஸ்ஆர்டி வசனப் பைலாகக் கொடுத்தால் யூடியூப்பிலும் உளறல்.

யூனிகோடில் எழுதுங்கள். எழுத்து சிதறுகிறதா என்று பார்க்க நம்மூர்ப் பெயரே நல்ல சோதனை: "கொழும்பு" என்று அடியுங்கள். "கொ"வில் கொம்பு முன்னாலும் அரவு பின்னாலும் நிற்க வேண்டும். கொம்பு இடம் மாறி நின்றால் மென்பொருள் தமிழைக் கோர்க்கத் தெரியாத நிலையில் இருக்கிறது. பிரீமியர் புரோவில் பிரெபரன்சஸ், கிராபிக்ஸ் பகுதியில், டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். ஆப்டர் எஃபெக்ட்சிலும் அதே தெரிவு இருக்கிறது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன் மூன்றும் இலவசம். வசனத்துக்கு நான் போடுவது முக்த மலர்.

பாமினியில் வந்த வசனத்தை யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் கருவிகள் உண்டு. மாற்றியதும் கொம்பும் "ள"வும் சேரும் சொற்களைத் தேடிப் பாருங்கள். "மௌனம்", "பௌர்ணமி" என்பவற்றின் ஔகாரத்தையும், "வெளிநாடு" என்பதன் கொம்பையும் ளகரத்தையும் பாமினி ஒரே மாதிரித்தான் எழுதும். மாற்றும் கருவி ஊகிக்கிறது, ஊகம் பிழைக்கிறது. ஒரு படத்தில் "வெள்ளவத்தை" முழுக்க ஔகாரத்தோடு திரைக்குப் போனது. திருத்தாமல் விட்டது நான்தான். அதுவும் என்னுடைய சொந்த ஊர்ப் பெயர்.

பம்பலப்பிட்டி: ஆடிவேல் ஊர்வலத்தை எடுத்தேன். தேரின் விளக்குகள் வீடியோவில் படபடவென்று அடிக்கின்றன.

ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரம், 1/60 செக்கனில் இருந்திருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பல விளக்குகள் செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஐபோனில் பிஏஎல் (PAL) வடிவங்களைக் காட்டும் தெரிவைத் திறந்தால் 25 பிரேம் கிடைக்கும். எடுத்து முடிந்ததற்கு ஒரு ஒட்டு வைத்தியம்: அதே துண்டின் பிரதியை மேலே வைத்து, ஒரு பிரேம் தள்ளி, ஒளிபுகுதன்மையை 50 சதவீதமாக்குங்கள். துடிப்பு குறையும். வேகமாக ஆடும் காவடி கொஞ்சம் மங்கும்.

மட்டக்குளி, குறும்படம் எடுக்கும் தங்கச்சி: வெட்டுகள் எல்லாம் இடிக்கிற மாதிரி இருக்கிறது. எந்த இடத்தில் வெட்டுவது?

வால்டர் மர்ச் என்ற அமெரிக்க எடிட்டர் ஒரு வெட்டுக்கு ஆறு அளவுகோல் வைத்து மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்: உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவர் கண் போகும் இடத்துக்கு 7, மீதி திரைத் தளத்துக்கும் இடத் தொடர்ச்சிக்கும். நாம் சண்டை பிடிப்பதெல்லாம் அந்தக் கடைசி மீதிக்குத்தான்: கோப்பை எந்தக் கையில் இருந்தது, முந்தானை எந்தத் தோளில் இருந்தது. உணர்ச்சி சரியாக இருந்தால் கோப்பையை அநேகம் பேர் பார்ப்பதில்லை.

நீங்கள் அனுப்பிய காட்சியைப் பார்த்தேன். அம்மா கனடாவில் இருக்கும் மகனோடு கதைக்கிறார், அடுத்த ஷொட் கடற்கரை ரயில் பாதை. படமும் ஒலியும் ஒரே பிரேமில் வெட்டப்பட்டிருக்கின்றன, அதுதான் இடி. ரயில் சத்தத்தை இரண்டு செக்கன் முன்னே இழுத்து அம்மாவின் முகத்துக்குக் கீழே போடுங்கள். அவர் பேச்சை நிறுத்துவது ரயில் சத்தத்துக்காகவா, தொண்டை அடைத்ததாலா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் காட்சி. இதை ஜே கட் என்பார்கள். அப்புறம், படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் ஒரு தரம் கேளுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே காது முதலில் சொல்லும்.

பெயர் வேண்டாம் என்றவர்: கலியாண வீடியோவில் சினிமாப் பாட்டு பத்து செக்கன் போட்டால் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

அப்படி ஒரு சட்டமே இல்லை. யூடியூப் கொஞ்ச நேரப் பாட்டையும் பிடித்துவிடும். யூடியூப் ஓடியோ லைப்ரரியில் எடுங்கள். கிரியேட்டிவ் கொமன்ஸ் இசை என்றால் உரிமத்தை வாசியுங்கள். வணிகத்துக்கு ஆகாது என்று இருந்தால் காசு வாங்கிச் செய்யும் கலியாண வீடியோவுக்கு அது சரிவராது. மாற்றம் செய்யக்கூடாது என்று இருந்தாலும் ஆகாது, ஏனென்றால் படத்தோடு இசையைப் பொருத்துவதையே அந்த உரிமம் மாற்றமாகத்தான் எடுக்கும். எனக்குப் பிடித்த வழி, மண்டபத்தில் வாசித்த மேளத்தையே நல்ல மைக்கில் பதிவது. கலைஞர்களிடம் அனுமதி கேட்டு, பழசென்பதால் உரிமைச் சிக்கல் வராத தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். கெட்டிமேளத்துக்கு ஈடான இசை எந்த லைப்ரரியிலும் இல்லை.

கிராண்ட்பாஸ்: கரண்ட் போய் முழு வேலையும் அழிந்தது.

2022இல் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களில் நானும் அழுதவள். சிறிய யூபிஎஸ் ஒன்று, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தானியங்கிச் சேமிப்பு. பிரதிகள் மூன்று, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு வீட்டில். என்னுடைய மூன்றாவது டிஸ்க் தம்பி வீட்டு அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைத் தம்பி மறுபடியும்: கலியாண வீட்டாரின் டிவியில் பென்டிரைவ் ஓடவில்லை.

பழைய டிவிகள் பல, ஃபேட்32 என்ற முறையில் அமைத்த பென்டிரைவை மட்டும்தான் வாசிக்கும். அதில் ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. எச்.264, 1080, இரண்டு மூன்று பைலாகப் பிரித்துக் கொடுங்கள். தாலி கட்டும் இடத்தில் மட்டும் பைல் முறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருமுறை முறிந்தது, பெண்ணின் அம்மம்மா இன்னும் என்னோடு கதைப்பதில்லை.