கப் கார் எத்தனை மணி நேரம் ஓடியது?

கேள்வி: டிராக்கில் சொந்த ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பழகியவன் நான். அடுத்து நிஜப் பந்தயத்தில் இறங்க ஆசை. 2021 மாடல் போர்ஷே 911 ஜிடி3 கப் ஒன்று செகண்ட்ஹேண்டில் விலைக்கு வருகிறது. "கிலோமீட்டர் ரொம்பக் குறைவு, புதுசு மாதிரி இருக்கும்" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: கிலோமீட்டரைச் சொல்லி விற்கிறார் என்றாலே கொஞ்சம் உஷாராகுங்கள். கப் கார் என்பது ஒரே மாடல் கார்கள் மோதும் போட்டித் தொடருக்கென்றே கட்டியது. இப்படிப்பட்ட பந்தயக் காரின் வயதை மணிக்கணக்கில்தான் பார்ப்பார்கள். 4 லிட்டர், 510 குதிரைத்திறன் கொண்ட இந்த இன்ஜினை டிராக்கில் 100 மணி நேரம் ஓடியதும் பராமரிப்புக்கு எடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. கியர்பாக்ஸுக்குத் தனிக் கணக்கு உண்டு. 95 மணி நேரம் ஓடிய கார் மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவுக்குப் பின்னால் ஒரு பெரிய பில் வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம். அதைக் கட்டப்போவது நீங்கள்.

அதனால் விலை பேசும் முன்பு லாக் புக்கைக் கேளுங்கள். இன்ஜின் எத்தனை மணி ஓடியது, கியர்பாக்ஸ் எத்தனை மணி ஓடியது, கடைசியாகப் பிரித்தது யார், முத்திரை அப்படியே இருக்கிறதா? கப் பந்தயங்களில் இன்ஜினுக்கு முத்திரை வைத்திருப்பார்கள், யாரும் உள்ளே கைவைத்துச் சக்தியைக் கூட்டிவிடக் கூடாது என்பதற்காக. முத்திரை உடைந்திருந்தால் கார் ஓடும், ஆனால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள்.

அப்புறம், இடித்த கார்தானா என்று பாருங்கள். பந்தயக் கார் என்றால் எங்காவது இடித்திருக்கும், அதில் தப்பில்லை. பாடியோடு சேர்த்து வெல்டு செய்த ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் உலோகக் கூண்டு) வரை அடி போயிருக்கிறதா என்பதுதான் விஷயம். பாடியை அளந்து பார்த்த தாள் இல்லையென்றால், உங்கள் செலவில் அளக்கச் சொல்லுங்கள். சீட்டிலும் பெல்ட்டிலும் காலாவதித் தேதி ஒட்டியிருக்கும். பெட்ரோல் டாங்குக்குள் இருக்கும் ரப்பர் பைக்கு ஆயுள் 5 ஆண்டு, சோதித்துச் சான்று வாங்கினால் இன்னும் 2 ஆண்டு. 2021 காருக்கு இந்தக் கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும்.

புதிதாக வந்தபோது இதன் விலை 225,000 யூரோ, வரி தனி. அதில் பாதிக்குக் கிடைத்தாலும் உதிரிபாகத்தின் விலை பாதியாகாது. ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்), பிரேக், மெக்கானிக் எல்லாம் புதுக் கார்க்காரருக்கு என்ன செலவோ அதே செலவுதான். சாலையில் ஓட்ட முடியாத வண்டி என்பதால் டிராக்குக்கு ட்ரெய்லரில்தான் போக வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று: இதை எந்தப் போட்டியில் ஓட்டப்போகிறீர்கள்? கரேரா கப், சூப்பர்கப் போன்ற போர்ஷேவின் மேல்மட்டத் தொடர்களில் எல்லாருக்கும் ஒரே மாடல். புது மாடல் வந்தால் பழையதற்கு அங்கே இடமில்லை. செகண்ட்ஹேண்டில் கார்கள் குவிவதே அந்த நேரத்தில்தான். கீழ்மட்ட, கிளப் தொடர்களில் பழைய தலைமுறைக்கு இடம் உண்டு. அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

சரி, இவ்வளவு தொந்தரவுக்கு ஏன் இந்தக் கார்? காருக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டுக்காகத்தான். 1986-இல் 944 டர்போ மாடலுக்கு ஒரு கப் தொடர், 1990-இல் 265 குதிரைத்திறன் 911-ஐ வைத்து ஜெர்மனியில் கரேரா கப், 1993-இலிருந்து ஃபார்முலா 1 வார இறுதிகளில் சூப்பர்கப் என்று கம்பெனி இதைத் தனி வியாபாரமாகவே வளர்த்திருக்கிறது. உதிரிபாகம் கிடைக்கும், கை தேர்ந்த ஆட்கள் கிடைப்பார்கள், பிறகு விற்கவும் ஆள் இருக்கும். நூறு பேர் மட்டும் வைத்திருக்கும் அபூர்வக் காரை வாங்கிவிட்டு ஒரு கதவுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

கேள்வி: நல்ல சரக்கைக் கம்பெனி தன் டீமுக்கு வைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்கு இரண்டாம் தரத்தைத்தானே தள்ளிவிடும்?

பதில்: சந்தேகம் நியாயமானது. ஆனால் பழைய கதை வேறு மாதிரி இருக்கிறது. 1979 லே மான் 24 மணிப் பந்தயத்துக்குப் போர்ஷே தன் 936 கார்களை அனுப்பியது. அவை பாதியில் நின்றன. வென்றது க்ரெமர் என்ற தனியார் டீம் தன் பட்டறையில் மேம்படுத்திய போர்ஷே 935. 1984-லும் 1985-லும் யோஸ்ட் என்ற தனியார் டீம் ஒரே போர்ஷே 956 காரை வைத்து லே மானை வென்றது. 1984-இல் கம்பெனி டீம் வரவில்லை, சரி. 1985-இல் வந்தது, வந்தும் தோற்றது. தான் விற்ற காரிடமே!

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் சிக்கல். பல கம்பெனிக் கார்கள் மோதும் ஜிடி3 என்ற பந்தயப் பிரிவு 2006-இல் தொடங்கியது (உங்கள் கப் காரின் பெயரில் உள்ள ஜிடி3 வேறு). அதில் எடையையும் சக்தியையும் கூட்டிக் குறைத்து எல்லாக் கம்பெனிக் கார்களையும் அமைப்பாளர்கள் சமன் செய்கிறார்கள், அதனால் சரக்கில் வித்தியாசம் செய்வது கடினம். வித்தியாசம் ஆட்களில் வருகிறது. கம்பெனி சம்பளம் வாங்கும் ஓட்டுநர்கள் சில 'வாடிக்கையாளர்' டீம்களில் ஓட்டுவார்கள். மான்தேய் என்ற பந்தய டீமில் 2013 முதல் போர்ஷேவுக்கே 51 சதவீதப் பங்கு. அதை எந்தக் கணக்கில் வாடிக்கையாளர் என்பது? அவர்களோடு மோதும் எண்ணம் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். கப் தொடரில் இந்தக் கவலை குறைவு.

கேள்வி: இதே கப் காரை ராலிக்கும் கொண்டுபோகலாமா?

பதில்: அப்படியே முடியாது. ராலியில் ஒரு ஸ்டேஜிலிருந்து (நேரம் கணக்கிடும் பகுதி) அடுத்ததற்குப் பொதுச் சாலையில்தான் ஓட்டிப் போக வேண்டும். எனவே பதிவு எண், விளக்குகள், இரண்டாவது சீட் எல்லாம் வேண்டும். 911-இன் பழைய 997 தலைமுறைக் கார்களை இப்படி மாற்றி, ராலியில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான ஆர்-ஜிடி பிரிவில் ஓட்டியிருக்கிறார்கள். 2015-இல் பிரான்ஸுவா டெலகூர் என்ற ஓட்டுநர் 911-இல் ஆர்-ஜிடி கோப்பையை வென்றார். ஆனால் அந்தக் கோப்பை தார்ச்சாலை ராலிகளுக்கு மட்டும். மண், சரளை என்றால் வேறு வண்டி பாருங்கள்.

ராலி போர்ஷேவுக்குப் புதிதல்ல. மான்டி கார்லோ ராலியை 1968, 1969, 1970 என்று தொடர்ந்து 3 முறை 911 வென்றது. 1978-இல் ஜான்-பியர் நிக்கோலா என்ற ஓட்டுநர் தனியார் 911-இல் பெரிய கம்பெனி டீம்களை மீறி அதை வென்றார். என்றாலும், ஒரு காரை இரண்டு வேலைக்கும் மாற்றி மாற்றிக் கட்டுவதில் பணம்தான் கரையும். ராலிதான் ஆசை என்றால் அதற்கென்றே கட்டி, சான்றிதழ் வாங்கிய வண்டியைத் தேடுங்கள். ஆல்பின் ஏ110 ராலி அந்த வகை, ஆர்-ஜிடி விதிப்படி சிக்னாடெக் என்ற பந்தய நிறுவனம் கட்டியது.

கேள்வி: வாங்காமல் ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. பல டீம்கள் ஒரு வார இறுதிக்கோ ஒரு சீசனுக்கோ சீட்டை வாடகைக்குத் தருகின்றன. ஹெல்மெட்டோடு போனால் போதும், காரைத் தயார் செய்வது அவர்கள் பாடு. தொகை அதிகமாகத் தெரியும். ஒப்பந்தத்தில், கார் இடித்தால் யார் கட்டுவது, எவ்வளவு வரை கட்டுவது என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.