சாலையே இல்லாத காசதாலுர் கிராமத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபரோ தீவுகளில், வாகர் தீவின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர் இது. மூலாஃபொசுர் அருவி கடலில் விழும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த அருவிக்கு மேலே தெரிகிற சில வீடுகள்தான் ஊர்.

கடற்கரை ஊர் என்றாலும் கடல் கைக்கு எட்டாது. செங்குத்துப் பாறைக்குக் கீழே படகை ஒதுக்குவதே கஷ்டம். அதனால் மீன்பிடிக்கப் போகிறவர்கள் பெரிய படகுகளைப் பக்கத்து ஊரான பேவுரில்தான் நிறுத்தி வைத்தார்கள். இன்று பாறையில் தெரியும் படிக்கட்டு, 1940-ல் தீவுகளைப் பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ் படையினர் கட்டியது. வயிற்றுப்பாட்டுக்கு ஆடு, கொஞ்சம் நிலம், பாறைகளில் கூடு கட்டும் கடற்பறவைகள்.

வெளியுலகத்துக்கு ஒரே வழி மலைப்பாதை. தபால்காரர் வாரம் மூன்று முறை அதில் ஏறி இறங்கினார். தபாலாவது பரவாயில்லை, சாவு விழுந்தால்? 1873 வரை ஊரில் இடுகாடு கிடையாது. சவப்பெட்டியை அந்தச் சரிவு வழியாகத்தான் பேவுருக்குச் சுமக்க வேண்டும். நடுவில் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்க ஒரு கல் உண்டு. 'பிணக்கல்' என்றே அதற்குப் பெயர். எனக்கு அருவியைவிட அந்தக் கல்தான் இந்த ஊரின் உண்மையான அடையாளம்.

பிற்காலத்தில் ஹெலிகாப்டர் வந்தது. 2004-ல் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். அதற்குள் ஊரில் இருபது பேர்கூடத் தேறவில்லை. ஒற்றைத் தட சுரங்கம்தான், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். இப்போது அதில் போய்வருவது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்.