வைட்டமின் டி 14: ஊசி போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு இது ஐந்தாவது மாதம். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 (ng/mL) என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் ‘குறைபாடு’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரே ஊசியில் ஏற்றிவிடலாம் என்கிறார் லேப்காரர். குழந்தையின் எலும்பு பாதிக்குமா?

பதில்: பயப்படாதீர்கள். 14 என்பது குறைவுதான், ஆனால் மாத்திரையிலேயே சரியாகிவிடும். குழந்தையின் எலும்பில் கால்சியம் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் சேரும், அதற்குள் ஏற்றிவிடலாம். அப்படியே விட்டுவிடவும் கூடாது. தாயிடம் இருப்பதைவிடக் குறைவாகத்தான் குழந்தைக்குப் போகிறது. தாயிடம் மிகவும் வற்றிப்போனால், பிறந்த குழந்தைக்குக் கால்சியம் இறங்கி வலிப்புகூட வரலாம்.

லேப்காரர் சொல்லும் ஊசி வேண்டாம். பரிசோதனையை விற்பவருக்கு மருந்து சொல்ல என்ன வேலை? பல லேப்கள் 30-க்குக் கீழே எது வந்தாலும் சிவப்பில் அடித்துத் தருகின்றன. அந்த 30-ஐ 2011-ல் வகுத்த, ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியே 2024-ல் அதைக் கைவிட்டுவிட்டது. எலும்புக்கு 20 போதும் என்பதே பரவலான கணக்கு. 24, 26 என்று வந்த கர்ப்பிணிகளையெல்லாம் மிரட்டி ‘பேக்கேஜ்’ தலையில் கட்டுவதை யாரும் தட்டிக்கேட்பதில்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இன்னொரு ஆபத்து, 60,000 யூனிட் கேப்சூல். வாரம் ஒன்று போட வேண்டியதைத் தினமும் போட்டுவிடுகிறார்கள். சீட்டில் கிறுக்கலாக எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டால் வேறென்ன நடக்கும்? ரத்தத்தில் கால்சியம் எகிறினால் வாந்தி, தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் வரும். கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதனால் மருத்துவரிடம் கேட்டு, எந்தக் கிழமை போட வேண்டும் என்று அட்டையின் மேலேயே எழுதி வையுங்கள். கால்சியம் மாத்திரையிலும் சத்து மாத்திரையிலும் வைட்டமின் டி இருக்கும். எல்லா அட்டைகளையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். கர்ப்பிணிக்கு வழக்கமான தேவை நாளுக்கு 600 யூனிட்தான். மருத்துவர் சொல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது.

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்டாக வேண்டும். ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் போன்றவை உடலில் வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைத்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமான அளவு பற்றாது. மருத்துவர்தான் கூட்டித் தர வேண்டும். இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு வேளைகூட விடக் கூடாது. கர்ப்பத்தில் வலிப்பு வந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இந்த 14 ஒன்றுமே இல்லை.

வெயில் நல்லது. கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் பலனில்லை, தோலில் நேரடியாகப் பட வேண்டும். ஆனால் 14-ஐ வெயிலால் மட்டும் ஏற்றிவிடலாம் என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுபரிசோதனை மூன்று மாதம் கழித்துப் போதும். மாதாமாதம் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சீட்டில் ‘25 ஹைட்ராக்ஸி’ என்று இருக்கிறதா பாருங்கள், உடலில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சோதனை அதுதான். ‘1,25’ என்று தொடங்கும் சோதனை வேறு. கர்ப்பத்தில் அது தானாகவே ஏறும், குறைபாட்டைக் காட்டாது.

தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு. பிறந்த நாட்களிலிருந்தே குழந்தைக்கு நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து தேவைப்படும். டிஸ்சார்ஜ் ஆகும்போது நீங்களே கேட்டு வாங்குங்கள். எத்தனை சொட்டு 400 யூனிட் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். நர்ஸை ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள்.