நோட்டீஸ் இல்லாமல் பட்டா மாற்றம்: நேராக ஹைகோர்ட் போகலாமா?

கேள்வி: அப்பா காலத்துப் பட்டாவை, பங்காளி கொடுத்த மனுவின்பேரில் தாசில்தார் அவர் பெயருக்கு மாற்றிவிட்டார். எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை. உத்தரவில் ‘ஆவணங்கள் பரிசீலிக்கப்பட்டன, மாற்றம் செய்யப்படுகிறது’ என்று ஒரே வரி. ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போவதா, ஹைகோர்ட்டில் ரிட் மனு போடுவதா? (வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: முதலில் அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். உங்கள் பக்கத்துக்கு வலுவான சாட்சியே அந்த ஒற்றை வரிதான்.

அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் வந்தால், நிலம் யாருடையது என்ற ஆராய்ச்சியில் நீதிபதி பொதுவாக இறங்கமாட்டார். அதிகாரி அந்த முடிவுக்கு எப்படி வந்தார், பாதிக்கப்படுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டாரா, காரணம் எழுதினாரா என்று பார்ப்பார். உத்தரவில் எழுதாத காரணத்தை, வழக்கு வந்தபிறகு பதில் மனுவில் பத்துப் பக்கத்துக்கு அடுக்கினாலும் எடுபடாது. மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. இன்றும் ஒற்றை வரி உத்தரவுகள் வருகின்றன என்பது வேறு கதை.

ஆனால் 1983-ம் ஆண்டு பட்டா பாஸ்புக் சட்டத்தில் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடும், அதற்குமேல் டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வும் இருக்கிறதே என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். விசாரிக்காமலே உத்தரவு போட்டிருந்தால் மாற்று வழி இருப்பது ரிட்டுக்குத் தடையாகாது என்பது வேர்ல்பூல் வழக்கின் (1998) தீர்ப்பு. தடையாகாதே தவிர, எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. அது நீதிபதியின் விருப்புரிமை.

எனவே, நோட்டீஸ் வரவில்லை என்பதைக் காகிதத்தில் காட்டமுடியுமா என்று பாருங்கள். தாலுகா அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, முழுக் கோப்பையும் நோட்டீஸ் சார்வு செய்த (அதாவது, உங்களிடம் சேர்ப்பித்த) ஒப்புகையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். ‘கதவு பூட்டியிருந்தது’ என்று எழுதியிருந்தால், கதவில் ஒட்டினார்களா, சாட்சிக் கையெழுத்து உண்டா என்று கவனியுங்கள். சார்வுக்கான தடயமே இல்லையென்றால் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் ரிட் போடலாம். ஏதாவது ஒப்புகை இருந்தால் ஆர்.டி.ஓ.விடமே போங்கள்; பத்திரம், நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது எல்லாவற்றையும் அவர் பார்க்கமுடியும். தகவலுக்குக் காத்திருந்து மேல்முறையீட்டுக் கெடுவை விட்டுவிடாதீர்கள். பங்காளி உயிலையோ பாகப்பிரிவினையையோ காட்டினால், அந்தச் சண்டைக்கு இடம் சிவில் கோர்ட்.

ரிட்டில் ஜெயித்தாலும், பெரும்பாலும் உத்தரவு ரத்தாகி, புதிதாக விசாரிக்கச் சொல்லி கோப்பு தாசில்தாரிடமே திரும்பும். அதனால் இத்தனை வாரத்துக்குள் விசாரித்து முடிக்கவேண்டும் என்ற கோரிக்கையையும், அதுவரை இடைக்காலத் தடையையும் மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.